அவித்த இறைச்சியும் அரைநாள் ஓய்வும்

பன்றி இறைச்சியை மஞ்சளும் மிளகாய்த்தூளும் இன்றி, பெருந்துண்டமாகவே நீரிலிட்டு அவித்து உண்ணலாம் என்றால் எமது தோட்டத்துத் தாய்மார் நகைப்பர். கொரிய மக்களோ அதனை விருந்துணவாகவே போற்றுகின்றனர். 'சுயுக்' என்பது அதன் பெயர். உப்பிட்டு வாட்டிய கோவா இலையில் பொதிந்து உண்ணும்போது அது 'பொசாம்' ஆகிறது. உடப்புசல்லாவைக்கு இவ்வுணவு நூல்வழி வரவில்லை. உழைக்கச் சென்றவர் வழியே வந்தது. 2004ஆம் ஆண்டு முதல் தென்கொரியா, அரசுகளுக்கிடையிலான உடன்பாட்டின்படி பிறநாட்டுத் தொழிலாளரை அழைத்து வருகிறது. அந்நாட்டு மொழித் தேர்வில் தேறிச் செல்வோருள் இலங்கையரும் உளர்.

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவரொருவர் அவ்வாறு சென்று, சில ஆண்டுகள் தொழிற்சாலையொன்றில் உழைத்து மீண்டார். அவர் கொணர்ந்தவற்றுள், சோயா அவரையைப் புளிக்கவைத்து ஆக்கிய விழுதும் ஒரு டப்பா இருந்தது. அவருடைய தாயாரின் அடுப்பு மாரியம்மனுக்கு நேர்ந்தது; பன்றி இறைச்சி அதில் ஏறாது. ஆதலின் ஒரு ஞாயிறன்று எமது வீட்டிலேயே சமைத்தோம். பார்க்க வந்த தாயார் பானையை எட்டி நோக்கினார்.

"மஞ்சத்தூள் கூடப் போடாமயா? கவுச்சி அடிக்காதா, சேர்?"

கவுச்சியைப் போக்கவே அவ்விழுது. கொழுப்பும் தசையும் அடுக்கடுக்காய் அமைந்த வயிற்றுப்பகுதி ஒரு கிலோவுக்கு விழுது இரண்டு கரண்டி. உடன் இஞ்சி, பூண்டு, வெங்காயம், லீக்ஸ் தண்டு, மிளகு. கோப்பித்தூளும் சிறிது சேர்ப்பது கொரிய வீடுகளில் வழக்கம். கோப்பி எமது மலைகளுக்கும் பழைய உறவுதான். 1869இல் இலைநோய் கண்டு அது மெல்ல அழிந்த நிலத்தில்தான் தேயிலை பரவியது. நாம் கோப்பியை விடுத்துத் தேயிலைத்தூளைத் துணியில் முடிந்து இட்டோம். நிறம் நன்றாகவே ஏறிற்று.

இறைச்சி மிருதுவாவது நெருப்பின் வேகத்தால் அன்று, அதன் பொறுமையால். தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் பொருள் மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால் இளகிக் கூழாகும். அடுப்பைத் தீவிரமாக எரித்தாலோ தசை சுருங்கிச் சாற்றைக் கக்கிவிடும். ஆகவே ஒரு கொதி வந்ததும் தணலைக் குறைத்து, சிறு குமிழிகள் மட்டும் எழும்படி காத்தல் வேண்டும். சமவெளியில் ஒன்றேகால் மணிநேரம் போதும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். நாம் சற்றுத் தாழ்வில் இருப்பவர்களாயினும் எமக்கும் நேரம் கூடுதலாகவே பிடிக்கும். பருப்பு வேகாத கதையை இங்குள்ள எந்தப் பெண்ணும் சொல்வாள். குத்திய ஈர்க்குத் தடையின்றி இறங்கியதும் அடுப்பை அணைத்து, கால் மணிநேரம் சாற்றிலேயே ஆறவிட்டு, தசைநார்க்குக் குறுக்காக நறுக்கினோம். கொரியர் தொட்டுக்கொள்ளும் உப்பிட்ட சிற்றிறாலுக்கு ஈடாக எமது கூனியும் பச்சை மிளகாயும். காரமிட்ட முள்ளங்கிச் சீவலும் கூட.

"ரெண்டு மணி நேரம் அடுப்பு எரியணுமா? அதுக்குள்ள நான் ஒரு மலை ஏறி எறங்கிருவேன்" என்றார் தாயார்.

அச்சொல்லை நாம் எளிதில் கடக்க இயலவில்லை. விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்கு ஓடி, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேரோடு திரும்பும் பெண்ணுக்கு, தணலருகே அமர்ந்திருக்க நேரம் ஏது? லயத்துக் காம்பராவில் இறைச்சி சிறு சிறு துண்டாகி, மிளகாயும் நீரும் மிகுந்த குழம்பாவது சுவையின் பொருட்டு மட்டும் அன்று. அரைக் கிலோவை எட்டுப் பேருக்கு எட்டவைக்கும் கணக்கு அது. நாட்சம்பளம் 1000 ரூபாயாக உயர்ந்தது 2021இல். 1350 ஆனது 2024 செப்டெம்பரில். கோவாவும் கரட்டும் விளைந்து நாடெங்கும் செல்லும் இம்மலைநாட்டின் தோட்டங்களில், 2016ஆம் ஆண்டின் அரசாங்க அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். நாட்டின் சராசரி 17. வகுப்பறையின் முன்வரிசை நமக்கு அதனை நாள்தோறும் காட்டுகிறது.

கொரியாவில் இவ்வுணவுக்கென்றே ஒரு நாள் உண்டு. குளிர்காலத்துக்கு முன் உறவினரும் அயலாரும் கூடி, பெருந்தொகைக் கோவாவை உப்பிட்டுக் காரம் தடவி, 'கிம்ச்சி' என்னும் ஊறுகாயாக்குவர். 'கிம்ஜாங்' எனப்படும் இவ்வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கை சிவக்க உழைத்தவர்களுக்கு அவ்வீட்டார் அன்றே அவித்த இறைச்சியையும் புதுக் கிம்ச்சியையும் படைப்பர். எமது மாணவரும் முதன்முதல் உண்டது அப்படியே. முதலாளியின் வீட்டு முற்றத்தில், ஒரே பாயில். அந்நாட்டைச் சொர்க்கமாக அவர் வருணிக்கவில்லை. இரவு முறை வேலையையும், மேலாளரின் சுடுசொல்லையும் கூறினார். "ஆனால் சேர், அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டோம்" என்றார்.

தாயார் கோவாவில் முள்ளங்கியை மட்டும் பொதிந்து உண்டார். கோழியை இவ்வாறு அவிக்கலாமா என்று வினவினார். முக்கால் மணிநேரம் போதும் என்றார் மகன்.

"அப்ப போயா லீவுக்குப் பாப்போம்."

"போயாவுக்கு எறச்சிக்கடை பூட்டும்மா."

"மொத நாளே வாங்கி வச்சிருவோம்டா" என்று, கைகழுவ எழுந்தார்.