கசக்கிக் கட்டு

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்னும் பழமொழியைக் கேட்டறியாதவர் தமிழ்நாட்டில் இரார். நாமும் இருபது வருஷ காலமாக அதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பார்த்தெழுதச் சொல்லி வருகிறோம். பழமொழிகளுக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு; அவை அடிக்கடி எழுதப்படும் அளவுக்கு யோசிக்கப்படுவதில்லை. இதனைச் சற்றே நிதானமாக யோசித்தால் இரண்டு விஷயங்கள் புலப்படும். அது கசக்கச் சொல்கிறதேயொழிய, பளபளவென்று வெளுக்கச் சொல்லவில்லை. கசக்கிய கந்தை காயும் வரையில் எதைக் கட்டிக்கொண்டிருப்பது என்பதையும் அது சொல்லவில்லை. குழந்தைகளின் துணிமணிகளைப் பற்றி நாம் கூற விரும்புவதெல்லாம் இவ்விரண்டுக்குள் அடங்கிவிடும்.

முதலில் வெளுப்பைப் பற்றிப் பேசுவோம்.

கள்ளக்குறிச்சிச் சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலை வணக்கத்துக்கு வரிசையாக நிற்கும்போது, வெளிர்நிறச் சட்டைகளைக் கூர்ந்து பார்த்தால் எவர் வீட்டில் எந்தத் தண்ணீர் என்று ஒருவாறு சொல்லிவிடலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் துவைத்த சட்டை, எத்தனை பாடுபட்டுத் துவைத்தாலும், நாளடைவில் சாம்பல் பூத்துவிடுகிறது. பாறைகளினூடே ஊறி வரும் நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பு இவற்றுடன் சேர்ந்தால் நுரைப்பதற்குப் பதிலாகப் பிசுபிசுப்பான கசடாகத் திரிந்து நூலிழைகளில் படிந்துவிடுகிறது. சோப்பை அதிகம் தேய்த்தால் கசடும் அதிகமாகிறதேயன்றி வேறு பலன் இல்லை. அதே சோப்பைக் கல்வராயன் மலை ஓடைகளில் தேய்த்துப் பாருங்கள், பொங்கி நுரைக்கும். மழை நீர் பாறைக்குள் அதிக நாள் தங்காமல் ஓடி வருவதே காரணம்.

ஆகவே, சாம்பல் பூத்த சட்டை சோம்பேறித் தாயாருக்குச் சாட்சியன்று. உப்புத் தண்ணீருக்கே சாட்சி. வாளி நீரில் சிறிது சலவைச் சோடாவை முதலில் கரைத்துச் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு சோப்பை உபயோகித்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் குழந்தைத் துணிக்கென்று வைத்துக்கொள்வது அதனினும் உத்தமம். நமது கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் பூந்திக்கொட்டைக்கு ஒரு விசேஷம் உண்டு. அதன் தோலை ஊறவைத்துக் கசக்கிய நீர் உப்புத் தண்ணீரிலும் கசடு கட்டாது. பட்டுப் பாவாடைக்கும் கம்பளிச் சட்டைக்கும் அதைவிட மிருதுவான சரக்கு கிடையாது. கண்ணில் பட்டால் மட்டும் எரியும். குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைக்கவேண்டும்.

இங்கிலாந்தில் செய்த ஸன்லைட் சோப்புக் கட்டிகள் 1888-ல் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கின. சலவைத் தூளான ஸர்ஃப் 1959-லும், ஆமதாபாத்தில் ஒரு வீட்டுப் புறக்கடையில் பிறந்த நிர்மா 1969-லும் வந்தன. இவை நம் ஸ்திரீகளின் கை நோவைப் பெருமளவு குறைத்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இவற்றின் விளம்பரங்கள் சுத்தமென்றால் வெளுப்பு என்றொரு மயக்கத்தையும் கூடவே விற்றுவிட்டன. சலவைத் தூள்கள் பலவற்றில் ஒருவகைச் சாயம் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சூரிய கிரணத்தை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுப்பதே அதன் வேலை. அழுக்கை அது தொடுவதே இல்லை. துணியில் தங்கி நம் கண்ணைத்தான் ஏமாற்றுகிறது. பாட்டியார் போட்ட சொட்டு நீலமும் செய்தது ஏறக்குறைய அதே வித்தைதான். கஞ்சியும் அவ்வாறே. மரவள்ளி விளையும் நமது பக்கத்தில் கஞ்சிக்குப் பஞ்சமில்லை. அதற்காகக் குழந்தையின் கழுத்துப் பட்டையை அட்டைபோல் விறைக்கச் செய்யவேண்டுமா? வியர்வை ஊறும் மிருதுவான தோலில் அது உராய்ந்து புண்ணாக்கும்.

பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடாமல், பழைய வேஷ்டியைக் கிழித்துச் சுற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதில் கெட்டிக்காரத்தனமும் உண்டு. நூறு தடவை துவைத்து மெத்தென்றாகிவிட்ட துணியில் கஞ்சியுமில்லை, உதிரும் சாயமுமில்லை. தீபாவளிச் சட்டையையும் ஒரு தடவை அலசிக் காயவைத்துப் பிறகு போடுவதே நலம். மஞ்சள் தடவுவதோடு நின்றுவிட வேண்டாம்.

கறைகளுக்குத் தனித்தனிக் குணம் உண்டு. பால் கறையையும் இரத்தக் கறையையும் குளிர்ந்த நீரில்தான் முதலில் அலசவேண்டும். வெந்நீரில் போட்டால் முட்டை வேவதுபோல் உறைந்து நிலைத்துவிடும். எண்ணெய் ஸ்நானத்துத் துண்டுக்கு இதற்கு நேர் விரோதமாக வெந்நீரும் சோப்பும் வேண்டும். இல்லாவிடில் எண்ணெய் தங்கிச் சிக்கு நாற்றமெடுக்கும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் இரத்தம்போல் சிவக்கும், பயப்பட வேண்டியதில்லை. நன்கு அலசி வெயிலில் போட்டால், சூரியன் இரண்டொரு நாளில் அதைத் தின்றுவிடுவான். எல்லாவற்றையும்விட முக்கியமானது அலசுதல். கைக்குழந்தையின் இடுப்பில் காணும் சிவப்புத் தடிப்புக்குத் துணியில் தங்கிய சோப்பும் பல சமயங்களில் காரணமாகிறது. அணையாடையை நீர் தெளிகிற வரையில் மாற்றி மாற்றி அலசவேண்டும். பிறகு நிழலில் அல்ல, நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும். வெயிலைப்போல் கிருமிகளைக் கொல்லும் இலவச வைத்தியர் வேறு யார் இருக்கிறார்?

வெளுப்பு மோகம் போகட்டும். அஜாக்கிரதையால் உயிருக்கே உலை வைக்கும் ஒரு பொருளைப் பற்றி அவசியம் சொல்லவேண்டும். மூத்த குழந்தையின் துணிகளை அடுத்த குழந்தைக்கென்று பெட்டியில் மடித்து வைப்போர் பாச்சை உருண்டைகளை ஊடே போடுகிறார்கள். அதிலுள்ள நாப்தலீன் துணியில் ஏறி, குழந்தையின் தோல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உள்ளே போகும். ஜி.6.பி.டி. என்னும் சத்து இரத்தத்தில் குறைவாகப் பிறந்த குழந்தைகள் உண்டு. அக்குறை வெளிப்பார்வைக்குத் தெரியாது. அத்தகைய குழந்தைக்கு இந்த வாசனை பட்ட சட்டையால் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான காமாலை கண்டு, மூளைக்கும் உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆகவே குழந்தைத் துணிப் பெட்டிக்குள் பாச்சை உருண்டை அடியோடு கூடாது. நன்கு காய்ந்த துணியோடு உலர்ந்த வேப்பிலையைப் போட்டு வையுங்கள். எடுத்தவுடன் மறுபடி துவைத்து வெயில் காட்டிவிட்டுப் போடுங்கள்.

சலவைக்குப் போடும் துணிகளில் அடையாளக் குறியிடச் சேங்கொட்டைச் சாற்றை உபயோகிக்கும் பழக்கம் நம் தேசத்தில் இருந்தது. அந்தக் கறுப்புக் குறி தோலில் பட்டுக் கொப்புளங்கள் உண்டாகும். இரண்டாவது மகா யுத்தத்தின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இதனால் அவதிப்பட்டதை அந்நாட்டு வைத்தியர்கள் 1943-ல் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தையின் துணிக்கு அடையாளம் வேண்டுமானால் ஒரு மூலையில் வர்ண நூலால் தையல் போடுவதே போதும்.

இனி, பழமொழி சொல்லாமல் விட்ட இரண்டாவது விஷயத்துக்கு வருவோம்.

1917-ல் காந்தியடிகள் சம்பாரணில் இருந்தபோது, ஒரு கிராமத்தில் ஸ்திரீகள் அழுக்குப் புடைவையோடு இருப்பதைக் கண்டு, ஏன் துவைப்பதில்லை என்று விசாரிக்கும்படி கஸ்தூரிபாயிடம் சொன்னார். அங்கே ஒருத்தி அன்னையைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று காட்டினாள். பெட்டியுமில்லை, மாற்றுத் துணியுமில்லை. உடுத்தியிருந்த புடைவை ஒன்றே அவளுடைய சொத்து. வேறொன்று இருந்தால் தினம் குளித்துத் துவைத்துக் கட்டுவேன் என்றாள். இச்சம்பவத்தை மகாத்மாவே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அழுக்கு என்பது பல சமயங்களில் குணதோஷமன்று. மாற்றுத் துணி இல்லாமையே என்பதை இதனினும் தெளிவாக எவரும் சொன்னதில்லை.

சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரையில் வருஷத்துக்கு 4 ஜதைச் சீருடை கொடுக்க நமது ராஜாங்கம் ஏற்பாடு செய்திருக்கிறது. இது மிகப் பெரிய நன்மை. ஆனால் மழைக்கும் பனிக்கும் 4 ஜதையும் சில சமயம் போதுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பகல் முழுதும் மேகம் வீட்டு வாசலில் படுத்திருக்கும். மலையாளி மக்களின் வீடுகளில் அடுப்புக்கு எட்டத்தில் கொடி கட்டி உலர்த்துகிறார்கள். துணி உலரும், புகை நாற்றமும் ஏறும்.

நம் வகுப்பில் ஒரு மலைப் பையன் இருந்தான். கணக்கில் சூரன். மழை பெய்த மறுநாள் தவறாமல் வருவதில்லை. அவனை அதட்டாமல் தனியே அழைத்துக் கேட்டோம். நெடுநேரம் காலால் தரையைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, "சட்டை காயலைங்க ஐயா" என்றான். தம்பிக்கும் அவனுக்குமாக இருந்தவற்றில் நல்லது ஒன்றே; முந்தின தினம் அது தம்பியின் முதுகில் நனைந்துவிட்டது. அன்று முதல் வகுப்பு அலமாரியில் நாலைந்து சட்டைகள் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்தவை. யார் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பையன் அதற்குப் பிறகு மழையைக் காரணம் காட்டவில்லை.

ஈரத் துணியை அப்படியே போட்டனுப்புவதும் தவறு. படர்தாமரை ஈரத்தையே தேடி வருகிறது. மழைக்காலத்தில் நன்றாகப் பிழிந்து, காற்றோடும் இடத்தில் விரித்துப் போட்டு, உட்புறத் தையல்கள் உலரும்படி இஸ்திரிப் பெட்டியை ஓட்டவேண்டும். வீட்டில் ஒரு குழந்தைக்குச் சொறி கண்டால் வைத்தியர் சொல்கிறபடி எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து தடவி, அன்றே எல்லாருடைய துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் நல்ல சூடான நீரில் துவைக்கவேண்டும். துவைக்க முடியாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் தொடாமல் வைத்தால், மனிதர் தோலில்லாமல் பிழைக்க வழியற்று அப்பூச்சிகள் மடிந்துபோகும்.

இத்தனையும் யார் செய்வது? தாயார்தான் என்று வீட்டிலுள்ள மற்றவர்கள் ஏகமனதாகத் தீர்மானம் செய்துவிடுகிறார்கள்! தென்னாப்பிரிக்காவில் பாரிஸ்டராயிருந்த காந்தியடிகள் சலவைக் கலையைப் புஸ்தகம் பார்த்துப் பயின்று, தாமே கழுத்துப் பட்டைக்குக் கஞ்சியிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். கஞ்சி உதிர்ந்து சக வக்கீல்கள் சிரித்தார்கள், அவர் வெட்கப்படவில்லை. பத்து வயதுப் பிள்ளை, ஆணானாலும் பெண்ணானாலும், தன் உள்ளாடையையும் காலுறையையும் தானே துவைத்துக்கொள்ளலாம். யந்திரம் இருக்கிற வீட்டிலும் துணியைப் பிரித்துப் போடுவதும், பித்தான் தைப்பதும், காய்ந்ததை மடிப்பதும் பிள்ளைகளுக்கேற்ற காரியங்களே. தன் சட்டையைத் தானே கசக்கிய பையன் அடுத்தவன் சட்டையைப் பார்த்துச் சிரிப்பதற்குச் சற்று யோசிப்பான்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணி அலமாரியைத் திறந்து பாருங்கள். உங்கள் குழந்தைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகள் எப்படியும் நாலைந்து இருக்கும். துவைத்து, கிழிசல் தைத்து, வெயில் காட்டி, அருகிலுள்ள பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் ஓசைப்படாமல் சேர்த்துவிடுங்கள். எந்தக் குழந்தைக்கு அவை வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.