ஆயாவோட கணக்கு நோட்டு

எங்க ஆயாவப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன். வடக்குப் பக்கம் அம்மாவோட அம்மாவ ஆயான்னுதான் கூப்பிடுவோம், தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்.

ஆயாவுக்குப் பொறந்த ஊர் நகரி, வாழ்க்கைப்பட்ட ஊர் பள்ளிப்பட்டு. 1950ல 15 வயசுல கல்யாணம் ஆகி வந்தவங்க, 2012ல போற வரைக்கும் அதே வீடுதான். வீடு மாறல, ஆனா விலாசம் மட்டும் மாறிட்டே இருந்துது. வந்தப்போ சென்னை மாநிலம். 1953 அக்டோபர்ல ஆந்திரா தனியாப் பிரிஞ்சப்போ சித்தூர் மாவட்டத்தோட நாங்களும் அங்க போனோம். 1956ல அது ஆந்திரப் பிரதேசம் ஆச்சு. ம.பொ.சி. நடத்தின வடக்கெல்லைப் போராட்டம், அப்புறம் படாஸ்கர் தீர்ப்புன்னு எல்லாம் முடிஞ்சு, 1960 ஏப்ரல் 1ம் தேதி திருத்தணியோட சேர்ந்து பள்ளிப்பட்டும் இந்தப் பக்கம் வந்துது. 1969ல தமிழ்நாடுன்னு பேர் மாறிச்சு. செங்கல்பட்டு மாவட்டமா இருந்தது 1997ல திருவள்ளூர் மாவட்டம் ஆச்சு.

தமிழுக்குக் கெடச்ச ஊர்னு நாம பெருமையாச் சொல்றோம். ஆயாவுக்கு அன்னைக்கு அம்மா வீடு வேற மாநிலம் ஆயிடுச்சு, அவ்ளோதான். "கோடு அவங்க போட்டுக்கினாங்க, பஸ்ஸு அதே பஸ்ஸுதான்"னு சிரிப்பாங்க.

தாத்தா நெசவு. குழித்தறியில வேட்டியும் லுங்கியும். எங்க பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாம் தறிச் சத்தத்துலயே வளர்ந்த ஊருங்க. தறியில உக்காந்து நெய்யறது ஒருத்தர்தான். ஆனா அதுக்கு முன்னாடி நூலுக்குக் கஞ்சி போடணும், விடியறதுக்குள்ள தெருவுல பாவு விரிக்கணும், அறுந்த இழை முடியணும், ராட்டையில ஊடை நூல தார் சுத்திக் குடுத்துட்டே இருக்கணும். தார் தீர்ந்தா நாடா ஓடாது. நாடா ஓடலன்னா கூலி இல்ல. அத்தனையும் ஆயா. நடுவுல அஞ்சு புள்ளைங்க, அடுப்பு, தண்ணி, மாடு வேற!

தாத்தாவுக்கு வயசான காலத்துல நெஞ்சு சளி வந்து மூணு வருஷம் தறியில உக்கார முடியல. அப்போ ஆயாவே குழியில இறங்கி நெய்ஞ்சாங்க. ராத்திரி அவருக்கு நெஞ்சுல தைலம் தேய்ச்சு விட்டுட்டு, சிம்னி வெளக்குல தார் சுத்துவாங்களாம். அம்மா சொல்லுவாங்க, "தூக்கத்துல பொரண்டு படுத்தாலும் ராட்டை சத்தம் கேக்கும்".

பேரப்புள்ளைங்க எங்களுக்கு ஆயான்னா வேற ஞாபகம். வருஷா வருஷம் டிசம்பர் 31ம் தேதி படித்திருவிழாவுக்குத் திருத்தணி கூட்டிட்டுப் போவாங்க. 365 படிக்கும் மஞ்சள், குங்குமம் வச்சுட்டே ஏறுவாங்க. நாங்க எண்ணிட்டே வந்து பாதியில தப்பு விட்டுடுவோம், அவங்க மட்டும் கரெக்டா சொல்வாங்க. எண்ணிக்கையில ஆயாவ ஜெயிக்கவே முடியாது.

ஆயா செத்தப்போ இறப்பைப் பதியற படிவத்துல தொழில்னு ஒரு கட்டம் இருந்துது. எழுதினவர் யாரையும் கேக்கவே இல்ல. 'இல்லத்தரசி'ன்னு எழுதிட்டுக் கையெழுத்து வாங்கினார்.

காரியம் முடிஞ்சு பெட்டியப் பிரிச்சப்போ நாலு பழைய நோட்டு கெடச்சுது. எல்லாம் தெலுங்கு எழுத்து. ஆயா நகரியில மூணாவது வரைக்கும் தெலுங்குலதான் படிச்சாங்க. வீட்ல பேசறது தமிழும் தெலுங்கும் கலந்து. எங்க யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. நகரி மாமா வந்துதான் படிச்சுக் காட்டினார்.

சாமி பாட்டா இருக்கும்னு பார்த்தா, முழுசும் கணக்கு! தேதி போட்டு அன்னைக்கு சுத்தின தார் எத்தனைன்னு. 70, 85, 110... மூணாவது மாமா பொறந்த நாளுக்கு நேரா 40னு இருக்கு. அன்னைக்குக் காலையில கூட ராட்டை சுத்தியிருக்காங்க. அப்புறம் எட்டு நாள் வெறும் கோடு. பக்கத்துலயே ஸ்கூல் பீஸ், தாத்தா மருந்து, எதிர்வீட்ல வாங்கின அரிசி, திருப்பிக் குடுத்த நாள் எல்லாம். நகரிக்குப் போன நாளுக்கெல்லாம் 'அம்மா வீடு'ன்னு மட்டும் எழுதியிருக்காங்க. கூலி எப்பவும் தாத்தா பேர்லதான் வந்துது. உழைப்பு யாருதுன்னு இந்த நோட்டுலதான் இருக்கு.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லீங்க. 2019-20ல எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்புல, நெசவும் அது சார்ந்த வேலையும் செய்யறவங்க நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 35 லட்சம் பேர். அதுல 25 லட்சத்துக்கு மேல பொம்பளைங்க! ஆனா நெசவாளின்னு சொன்னா நம்ம கண்ணு முன்னாடி வர்றது வேட்டிய மடிச்சுக் கட்டின ஒரு ஆம்பளதானே?

பெரிய எடத்துலயும் இதே கதைதான். செப்டம்பர் 5ம் தேதி வந்தா திருத்தணியில பொறந்த ராதாகிருஷ்ணன நாடே நெனைக்குது. சிவகாமுன்னு ஒரு அம்மா 1903ல சின்னப் பொண்ணா அவரக் கட்டிக்கிட்டு, அஞ்சு பொண்ணு, ஒரு பையன்னு பெத்து வளர்த்து, அவர் துணை ஜனாதிபதியா இருந்தப்போ 1956 நவம்பர்ல கண்ண மூடினாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? பையன் சர்வபள்ளி கோபால் 1989ல அப்பாவோட வாழ்க்கை வரலாறு எழுதினப்போ, தன் அம்மா பட்ட மனக்கஷ்டத்தையும் மறைக்காம எழுதினார். அப்பாவ எவ்ளோ மதிச்சாலும் அத விட்டுடல. அந்தத் தைரியம் எனக்குப் பெருசாத் தெரியுது.

நோட்டு நாலையும் மாமா படிக்கப் படிக்க நான் தமிழ்ல எழுதி, ஜெராக்ஸ் எடுத்து எல்லா வீட்டுக்கும் குடுத்தேன். பெரியம்மா பொண்ணு அத லேமினேட் பண்ணி வச்சிருக்கா. அவ பையன் ஏழாவது படிக்கிறான், "இவங்க இன்னா வேலை பாத்தாங்க?"ன்னு கேட்டானாம். "நெசவு"ன்னு சொல்லியிருக்கா.

உங்க வீட்லயும் பரண் மேல பழைய நோட்டு ஏதாவது கெடக்கும். எந்த எழுத்தா இருந்தாலும் சரி, பேப்பர்காரருக்குப் போடறதுக்கு முன்னாடி படிக்கத் தெரிஞ்சவங்கள ஒருவாட்டி கூப்பிடுங்க.