எஞ்சியிருக்கும் பங்கு

அமெரிக்காவில் பள்ளிக்கூடம், தீயணைப்பு, சாலை போன்ற உள்ளூர்ச் செலவுகளுக்குச் சொத்து வரியே பெரிய ஆதாரம் என்பதால், அது கட்டப்படாமல் நின்றுவிட்டால், வங்கி கொடுத்த வீட்டுக் கடனையும் முந்திக்கொண்டு அந்த வரிப் பாக்கியே வீட்டின் மீது முதல் உரிமை பெறுகிறது. பாக்கியை வசூலிக்கும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஃப்ளோரிடாவில், கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகம் பாக்கித் தொகையைத் தனியாரிடம் பெற்றுக்கொண்டு, ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி தரும் வரிச் சான்றிதழை அவர்களுக்கு ஏலத்தில் விற்கிறது. மிச்சிகனில் வீடே பறிமுதலாகி ஏலத்துக்கு வருகிறது. அந்த ஏலத்துக்கு முன்பே பாக்கி விழுந்த வீட்டைக் கண்டறிந்து, உரிமையாளரிடம் விலை பேசி ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, அந்த ஒப்பந்தத்தை வேறொரு முதலீட்டாளருக்குக் கட்டணம் பெற்றுக் கைமாற்றிவிடும் தொழிலுக்கு ஹோல்சேலிங் என்று பெயர். வீடு ஒருபோதும் ஹோல்சேலர் பெயருக்கு வருவதில்லை. வாங்கும் உரிமையை மட்டுமே அவர் விற்கிறார்.

தொழிலுக்குப் புதியவர்கள் வீட்டையே சரக்கு என்று கருதுகிறார்கள். பல ஆண்டுகள் இதில் பழகியவர்களோ, எல்லாக் கடன்களும் கழிந்தபின் வீட்டின் விலையில் உரிமையாளருக்கு எஞ்சியிருக்கும் பங்கையே முதலில் கணக்கிடுகிறார்கள். ஏனெனில், மாதந்தோறும் கரைந்துகொண்டிருப்பது அந்தப் பங்குதான். மிச்சிகன் சட்டத்தின்படி, 2021ஆம் ஆண்டின் வரி கட்டப்படாவிட்டால் 2022 மார்ச் 1 அன்று அது நிலுவையாகக் கவுண்டியிடம் போய்ச் சேரும். 2023 மார்ச் 1 அன்று வீடு பறிமுதலின் முதற்படிக்குள் வரும். 2024 மார்ச் 31க்குள் மீட்காவிட்டால் உரிமை கவுண்டிக்குப் போய்விடும். மாதத்துக்கு 1 விழுக்காடாக ஓடிய வட்டி, வீடு அந்த முதற்படிக்குள் வந்ததும் நிலுவையான நாளிலிருந்தே 1.5 விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால், சிறிய பாக்கியும் மூன்றாண்டில் கனத்துவிடுகிறது.

நிலுவைப் பட்டியல் பொது ஆவணம், யாரும் பெறலாம். ஆனால் பட்டியலில் உள்ள முகவரிகளில் எது விற்பனைக்கு வரும் என்பதைத் தெருவில் இறங்கித்தான் அறிய முடியும். முழங்கால் உயரம் வளர்ந்த புல்லும், கதவிடுக்கில் திணிக்கப்பட்டு வெயிலில் வெளுத்த தபால்களும், கூரையில் போர்த்திய நீலத் தார்ப்பாயும், டெட்ராய்ட் நகர வீடுகளின் வாசலில் தொங்கும் மஞ்சள் பைக்குள் இருக்கும் பறிமுதல் அறிவிப்பும் பட்டியல் சொல்லாததைச் சொல்கின்றன. பனிக்காலத்தில் சூடாக்கி நின்றுபோன வீட்டில் குழாய்கள் உறைந்து வெடித்திருக்கும்; செப்புக் குழாய்கள் களவு போயிருக்கும். அடித்தளச் சுவர் உள்நோக்கி வளைந்திருந்தால் செலவு ஒரே வீச்சில் பல மடங்காகும் என்பதால், அனுபவசாலி வரவேற்பறையைப் பார்ப்பதற்கு முன் டார்ச்சுடன் நிலவறைக்கு இறங்குகிறார்.

விலை நிர்ணயத்துக்கு 70 விழுக்காட்டு விதி என்றொரு கணக்கு வழக்கத்தில் உண்டு. சீரமைத்தபின் 1,50,000 டாலர் பெறக்கூடிய வீட்டுக்கு 45,000 டாலர் பழுதுபார்ப்புத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், மதிப்பின் 70 விழுக்காடான 1,05,000இலிருந்து அச்செலவைக் கழித்து வரும் 60,000 டாலரே இறுதி முதலீட்டாளர் தரக்கூடிய உச்ச விலை. ஹோல்சேலரின் கட்டணம் 8,000 என்றால் உரிமையாளரிடம் பேசக்கூடிய விலை 52,000. வரிப் பாக்கி 11,000 ஆக இருந்து, வேறு கடனும் இல்லாவிடில், அவர் கைக்கு வருவது ஏறத்தாழ 41,000 டாலர். பழுதுச் செலவைக் குறைத்து மதிப்பிட்டால் முதலீட்டாளர் பின்வாங்குவார். கூட்டி மதிப்பிட்டால் அந்த வித்தியாசம் உரிமையாளரின் பங்கிலிருந்து பிடுங்கப்பட்டதாகும். முதல் பிழை தொழில் நட்டம் என்றால், இரண்டாவது அநீதி. அது கணக்குத் தாளில் எங்கும் தெரியாது என்பதாலேயே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

பத்திரத்தில் இருக்கும் பெயர் காலமானவருடையதாக இருப்பது இவ்வகை வீடுகளில் மிகச் சாதாரணம். பாட்டியின் பெயரில் வீடு, வசிப்பது பேரன், உரிமை கோரக்கூடிய வாரிசுகள் வெவ்வேறு மாநிலங்களில் என்ற நிலையில், எல்லாருடைய கையெழுத்தும் கிடைக்காமல் எழுதும் ஒப்பந்தம் வெறும் தாளே. வில்லங்கம் பார்த்து உரிமைக்குக் காப்பீடு தரும் டைட்டில் நிறுவனத்திடம் ஆவணங்களை முன்கூட்டியே ஒப்படைப்பது பிற்காலச் சிக்கலைத் தவிர்க்கிறது.

ஏலத்துக்குப் போகும் வீட்டில் உரிமையாளரின் பங்கு என்னவாகிறது என்பதை அண்மைய தீர்ப்புகள் வெளிச்சமிட்டன. 8.41 டாலர் குறைவாகக் கட்டப்பட்ட வரி, வட்டியும் கட்டணமும் சேர்ந்து 285.81 டாலராக வளர்ந்தபோது, மிச்சிகனின் ஓக்லண்ட் கவுண்டி அந்த வீட்டை 24,500 டாலருக்கு விற்று முழுத் தொகையையும் வைத்துக்கொண்டது. பாக்கிக்கு மேற்பட்ட உபரியை இவ்வாறு வைத்துக்கொண்டது செல்லாது என 2020இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மினசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் சுமார் 15,000 டாலர் பாக்கிக்காக 40,000 டாலருக்கு விற்கப்பட்ட வீட்டின் உபரியைக் கவுண்டி தராமல் வைத்துக்கொண்ட வழக்கில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. எனினும் மிச்சிகனில் உபரியைப் பெற விரும்புபவர் பறிமுதலான ஆண்டின் ஜூலை 1க்குள் உரிய படிவத்தைச் சமர்ப்பித்தாக வேண்டும்; அறியாதவருக்கு அந்தத் தேதி சத்தமின்றிக் கடந்துவிடுகிறது.

ஆகவே, இத்தொழிலில் நேர்மை என்பது உரிமையாளருக்குத் தெரியாததைத் தெரிவிப்பதிலிருந்து தொடங்குகிறது. தாம் குடியிருக்கும் வீட்டுக்கு வரி கட்ட இயலாத ஏழைகளுக்கு மிச்சிகன் சட்டம் வரிவிலக்கு அளிக்கிறது. தவணைத் திட்டமும் உண்டு. வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் இதைச் சொன்னால் வியாபாரம் கைநழுவும் என்பது உண்மை. சொல்லாமல் பெற்ற கையெழுத்து ஒப்புதலாகாது என்பதும் உண்மை. இப்பொறுப்பை எல்லாரும் தாமாக ஏற்கவில்லை என்பதால்தான் சட்டம் தலையிட்டது: இலினாய் 2019 முதல் 12 மாதங்களில் ஒன்றுக்கு மேல் இவ்வாறு கைமாற்றுவோர் உரிமம் பெற வேண்டும் என்றது, பென்சில்வேனியாவில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியதுடன், ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமையையும் விற்பவருக்கு அளித்தது.

சீரமைத்தபின் மதிப்பு, பழுதுச் செலவு, வரிப் பாக்கி, ஹோல்சேலரின் கட்டணம், உரிமையாளர் கைக்கு வரும் தொகை என ஐந்து வரிகளை ஒரே தாளில் எழுதி, சமையலறை மேசையில் உரிமையாளர் முன் வைத்து, அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் காத்திருக்கத் தெரிந்தவரே இத்தொழிலில் தேர்ந்தவர். நான்காவது வரியை மறைக்க வேண்டிய தேவை எழுந்தால், அந்த ஒப்பந்தத்தை எழுதாமல் எழுந்துவிடுவதே முறை.