தகர நகரின் தங்க வெற்றி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பர் நம் முன்னோர். இதற்குச் சான்றாக நிற்கிறது வேல்ஸ் நாட்டின் தென்மேற்கில் உள்ள லானெத்லி என்னும் சிறு நகரம்.

இரும்பும் தகரத் தகடும் செய்து பிழைத்த ஊர் அது. 'தகர நகரம்' என்றே அதற்குப் பட்டப்பெயர் உண்டு. 1870களில் அங்கே ஒரு ரக்பி கழகம் தோன்றியது. அதன் ஆட்டக்காரர்கள் அணிவது செந்நிறச் சட்டை. கோல் கம்பங்களின் உச்சியிலோ சமையல் சட்டிகள்! ரசிகர்கள் பாடும் நாட்டுப்பாடலும் சின்னச் சட்டியைப் பற்றியதே. உழைப்பாளிகள் தங்கள் கைத்தொழிலையே கொடியாக உயர்த்தியிருக்கிறார்கள்!

ரக்பியில் அணிக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் எறிவதானால் முன்னால் நிற்பவனுக்கு எறியக் கூடாது. இந்த விதியை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

1908இல் ஆஸ்திரேலிய அணியை 8–3 என வென்றது இக்கழகம். அதனினும் பெரிய நாள் 1972 அக்டோபர் 31. கழகம் தன் நூற்றாண்டைக் கொண்டாடிய பருவம் அது. எதிரே உலகை நடுங்க வைத்த நியூசிலாந்து அணி. லானெத்லியின் தலைவர் டெல்மே தாமஸ் மின்கம்பி வேலை பார்த்தவர். அன்றைய ஒரு வெற்றிக்காகத் தாம் அதுவரை பெற்ற பெருமைகள் அனைத்தையும் கொடுத்துவிடத் தயார் என்று அவர் தோழர்களிடம் சொன்னாராம். ஃபில் பென்னட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எதிரணியினர் அதை உதைத்து வெளியேற்ற முயன்றபோது ராய் பெர்ஜியர்ஸ் பாய்ந்து தடுத்து, எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை அழுத்தினார். முடிவில் 9–3. சிற்றூர் வென்றது!

தொடர்ந்து 1973 முதல் 1976 வரை நான்கு ஆண்டுகளும் வேல்ஸ் கோப்பை அவர்களுக்கே. அக்காலத்தில் ரக்பி ஆட்டத்துக்குக் கூலி கிடையாது. 1995இல்தான் அது ஊதியம் பெறும் தொழிலாயிற்று.

இந்த வெற்றிக்குப் பின்னால் நின்றவர் பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ். அருகிலிருந்த கிராமத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன். பல்கலைக்கழகம் சென்று தாய்மொழியாகிய வெல்ஷ் பயின்று, அதையே கற்பித்த விரிவுரையாளர். 1971இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியைப் பயிற்றுவித்து, நியூசிலாந்து மண்ணிலேயே தொடரை வெல்ல வைத்தவர். அத்தனை பெருமைக்குப் பிறகும் தாம் கற்ற வித்தையை அவர் சொந்த ஊர்க்காரர்களின் கையில்தான் தந்தார்.

இதைப் படித்தபோது என் நெஞ்சம் வீட்டை நினைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். "படித்தவன் இனி ஊர்ப்பக்கம் வருவானா?" என்று தெருவில் கேட்கிறார்கள். தங்கையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் வீட்டில் நடக்கிறது. அவளுக்கோ கணக்கில் என்னைவிட ஆர்வம் அதிகம். அவள் மேலே படிக்க வேண்டும் என்று வாதாடி வருகிறேன். மாலையில் டியூஷன் எடுத்து அவள் செலவில் ஒரு பகுதியை ஏற்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.

முதல் தலைமுறையாய்ப் பட்டம் பெறப்போகும் நண்பர்களே! நாம் பந்தை ஏந்தி முன்னே ஓடுகிறோம். ஓடுவது நம் கடமை. ஆனால் அந்தப் பந்தை வாங்கக் காத்திருப்பவர்கள் நமக்குப் பின்னால் அல்லவா வருகிறார்கள்?