குறித்த அளவுக்கு மேல்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் என்னருகே வந்து, "ஐயா, எங்க வீட்டுக் கம்ப்யூட்டரை ஓவர்க்ளாக் பண்ணலாம்னு இருக்கேன். நீங்க முன்னாடி பண்ணியிருக்கீங்களாமே, பண்ணலாமா?" என்று கேட்டார். வாசற்படியில் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் கூடவில்லை. "இந்த வாரம் எழுதுறேன் தம்பி, வாசிச்சுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். உங்களில் அநேகருடைய வீடுகளில் கணினி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் வயதில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகையால் அவருக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

கணினியின் செயலிக்குள் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தால், விநாடிக்கு 330 கோடித் துடிப்புகள் என்று பொருள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான அந்தச் சிறு இடைவெளிக்குள், உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர்கள் தங்கள் நிலையை மாற்றி, ஒன்று அல்லது பூஜ்யம் என்று அமைந்துவிட வேண்டும். வெப்பமான அறை, தடுமாறும் மின்சாரம், ஆண்டுகள் கடந்த தேய்மானம் ஆகிய எல்லாவற்றையும் கணக்கிட்டு, கொஞ்சம் இடம் விட்டே தயாரிப்பாளர் அந்த எண்ணைக் குறிக்கிறார். அவர் விட்டுவைத்த இடத்தை நாம் எடுத்துக்கொள்வதே ஓவர்க்ளாக்கிங்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். 1998-இல் வந்த செலிரான் 300ஏ என்ற மலிவான செயலியை அக்காலத்தில் கணினி பழகியவர்கள் மறக்கமாட்டார்கள். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 450-இல் ஓடும். அதைவிட மிக அதிக விலையுள்ள செயலிகளின் வேலையை அது செய்தது. பணமில்லாத மாணவர்களுக்கு அது மெய்யான நன்மையாகவே இருந்தது.

என் கதை 2013 டிசம்பரில் தொடங்குகிறது. என் வீட்டுக் கணினியில் இருந்தது இன்டெல் கோர் ஐ5 2500கே. பெயரின் முடிவிலுள்ள "கே" என்னும் எழுத்து, அதன் பெருக்கெண் பூட்டப்படவில்லை என்பதற்கு அடையாளம். 100 மெகாஹெர்ட்ஸை 33-ஆல் பெருக்கி 3.3 கிகாஹெர்ட்ஸ் வருகிறது. பயாஸ் திரையில் அந்த 33-ஐ 45 ஆக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். பெரிய ஹீட் சிங்க் ஒன்றை வாங்கி, தெர்மல் பேஸ்ட் தடவிப் பொருத்தி, மின்னழுத்தத்தையும் சற்றே உயர்த்தினேன். கணினி எழுந்து ஓடியது. ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டவனைப் போல அன்றிரவு அதன்முன் அமர்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பலனும் கண்கூடாகத் தெரிந்தது. ஆலயத்திற்கு வர இயலாத முதியோருக்காக ஆராதனையின் ஒளிப்பதிவைத் தொகுத்து டிவிடியில் பதிந்து கொடுத்துவந்த நாட்கள் அவை. ஒரு மணி நேரம் பிடித்த வீடியோ மாற்றும் வேலை நாற்பத்தெட்டு நிமிடங்களில் முடிந்தது. ஆனால் கடிதம் தட்டச்சு செய்வதிலோ, இணையத்தில் வாசிப்பதிலோ, கணினி எழுந்து நிற்க எடுக்கும் நேரத்திலோ எந்த மாற்றமும் இல்லை. அந்த வேலைகளில் செயலி பெரும்பாலும் வன்தட்டுக்காகவோ நம் விரலுக்காகவோ காத்திருக்கிறது. காத்திருப்பவனை வேகமாக்கி என்ன பயன்?

இனி வெப்பம். செயலி செலவிடும் மின்சாரம் துடிப்பின் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு இருமடிப் பெருக்கமாகவும் உயர்கிறது. வேகத்தைப் பத்து விழுக்காடும் மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடும் கூட்டினால், மின்செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அது முழுவதும் வெப்பமாகவே வெளியேற வேண்டும். எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் ஆனாலும், காற்றால் குளிர்விப்பது அறையின் வெப்பநிலைக்குக் கீழே செயலியைக் கொண்டுபோகாது. நம் ஊரில் டிசம்பர் இரவின் அறையும் மே மாதப் பிற்பகலின் அறையும் ஒன்றல்ல. டிசம்பரில் இரவு முழுவதும் சோதித்துப் பார்த்துவிட்டு, ஆண்டு முழுவதற்கும் அது போதுமென்று இருந்துவிட்டேன்.

என் தாயார் 1991-இல் பேசிப் பதிந்த ஆறு கேசட்டுகள் எங்கள் வீட்டில் இருந்தன. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த என் தம்பி, தான் வாங்கிவந்த டேப் ரெக்கார்டரை அவர்கள் முன் வைத்து, "உங்க கதையைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டுப் பதிந்தவை. ஆசிரியையாக அவர்கள் வாழ்ந்த ஊர்கள், பட்ட கஷ்டங்கள், பாடிய தாலாட்டுகள் எல்லாம் அவற்றில் இருந்தன. 2014 மே மாதத்தில் அவற்றை எடுத்துப் பார்த்தபோது நாடாவில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒருமுறை ஓடினால் பெரிது என்ற நிலை. பிளேயரைக் கணினியோடு இணைத்து ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். ஐந்தாவது கேசட் ஓடி முடித்தவுடன் அறுந்தேபோயிற்று. ஆறையும் கணினியில் ஏற்றி, கேட்டுப் பார்த்து, நன்றாயிருக்கிறதென்று கண்டு, வன்தட்டில் இடம் போதாததால் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்கினேன். மூலக் கோப்புகளை அழித்தேன். நகல் எடுத்து தம்பிக்கும் தங்கைக்கும் அனுப்பினேன். பூஞ்சை பிடித்த அந்தக் கேசட்டுகளை என் கையாலேயே குப்பையில் போட்டேன்.

அந்த வாரத்தில் கணினி ஒருமுறை நீலத்திரை காட்டி நின்றது. மின்வெட்டு மிகுந்த காலம், யூ.பி.எஸ்.தான் காரணமென்று எண்ணிக் கடந்துபோனேன்.

அடுத்த ஆண்டு தாயாரின் நினைவு நாளுக்காகக் கோப்பைத் திறந்தேன். நான்கு பதிவுகள் சரியாக விரிந்தன. இரண்டில் சி.ஆர்.சி. பிழை என்ற செய்தி வந்தது. சுருக்கும்போது குறித்துவைத்த சரிபார்ப்பு எண்ணும் விரித்தபோது கிடைத்த எண்ணும் பொருந்தவில்லை என்பது அதன் பொருள். அவற்றில் ஒன்று, எங்கோ ஒரு சிறு "டிக்" ஒலி தவிர முழுமையாகவே இருந்தது. மற்றொன்று மூன்றாவது கேசட். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்த நாட்களில் தாயார் மண்டபத்தில் ஆசிரியையாக இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியதைச் சொல்லத் தொடங்குகிறார்கள். இருபத்திரண்டாம் நிமிடத்தில் குரல் நின்றுவிடுகிறது. மீதி முப்பத்தெட்டு நிமிடங்களும் இல்லை.

தம்பியிடமிருந்த நகலைக் கேட்டு வாங்கினேன், தங்கையிடமிருந்ததையும் பார்த்தேன். மூன்றிலும் அதே இடத்தில் அதே பிழை. பிழை நகலெடுத்தபோது வந்ததல்ல. கோப்பு உருவானபோதே அதற்குள் இருந்திருக்கிறது. பழுதான ஒன்றை நான் மூன்று வீடுகளில் பத்திரப்படுத்தியிருந்தேன்.

பிரைம்95 என்றொரு நிரல் உண்டு. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து, வரும் விடையை ஒப்பிடும் சோதனையும் அதில் இருக்கிறது. டிசம்பரில் நான் ஓட்டியது அதைத்தான். இப்போது மே மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, அதே 4.5-இல் அதை ஓடவிட்டேன். பதினேழாம் நிமிடத்தில் தவறான விடை வந்தது. கணினி நிற்கவில்லை, திரை அமைதியாகவே இருந்தது. பெருக்கெண்ணை 33-க்கு இறக்கி மறுபடி ஓட்டினேன். இரண்டு பகலும் இரண்டு இரவும் ஒரு பிழையும் இல்லை.

ஓவர்க்ளாக்கிங் என்றவுடன் புகையும் கருகலுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அப்படி நேர்வது இக்காலத்தில் அரிது. அளவுக்கு மீறிச் சூடானால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் சூடானால் அணைந்துவிடும். உயர்ந்த மின்னோட்டமும் வெப்பமும் உள்ளிருக்கும் நுண்ணிய உலோகக் கம்பிகளின் அணுக்களை மெல்ல நகர்த்தி, ஆண்டுகள் கழித்துச் செயலியைத் தளரச்செய்வதும் மெய்தான். உத்தரவாதம் செல்லாமற்போவதும் மெய்தான். ஆயினும் இவை செயலியின் விலையோடு முடிகிற நஷ்டங்கள். அமையாத ஒரு பூஜ்யத்தை ஒன்றென்று எடுத்துக்கொண்டு, எதுவும் நடவாததுபோல் கணினி மேலே செல்கிறதே, அதற்குத்தான் நான் அஞ்சுகிறேன். 2011-இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் பழுதுகளை ஆராய்ந்தபோது, வேகம் கூட்டப்பட்டவை மற்றவற்றைவிடக் கணிசமாக அதிகம் பழுதுபட்டதைக் கண்டார்கள். ஒருமுறை பழுதுபட்ட கணினி மீண்டும் பழுதுபடும் வாய்ப்பு பன்மடங்கு உயர்வதையும் கண்டார்கள். என் நீலத்திரையை நான் கடந்துபோனது எவ்வளவு மதியீனம் என்பது அதை வாசித்தபோது விளங்கிற்று.

தம்பி, உங்களுக்கு இப்போது நேராகவே சொல்கிறேன். இன்றைய செயலிகள் தேவைக்கேற்பத் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. 2500கே காலத்தில் தயாரிப்பாளர் விட்டுவைத்த இடத்தில் பெரும்பகுதியை இப்போது அவரே எடுத்துக்கொள்கிறார். அவர்களுக்கும் அது எளிதாயிருக்கவில்லை: 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் நிலைகுலைந்ததை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. உங்கள் கணினி மந்தமாக இருப்பதுதான் குறையென்றால், வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள், விசிறியிலுள்ள தூசியைத் தட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை தீராவிட்டால், விளையாட்டுக்கு மட்டும் பயன்படும் கணினியில் செய்து பாருங்கள். கற்றுக்கொள்ள அது நல்ல வழி, நான் தடுக்கமாட்டேன். மலிவான எஸ்.எம்.பி.எஸ். வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். சோதனையை ஏப்ரல், மே மாதப் பகலில் செய்யுங்கள். அப்பாவின் கணக்குகளும் அம்மாவின் புகைப்படங்களும் அதே கணினியில் இருந்தால் கைவைக்க வேண்டாம். எதையாவது சுருக்கிவைத்தால், விரித்துப் பார்த்த பின்பே மூலத்தை அழியுங்கள்.

என் 2500கே இன்றும் ஓடுகிறது, குறித்த வேகத்தில். ஒளிப்பதிவுக்கு மறுபடியும் ஒரு மணி நேரம் ஆகிறது. அந்நேரத்தில் தேநீர் போட்டுக்கொள்கிறேன். கஞ்சி காய்ச்சிய கதையின் மீதி தங்கைக்குக் கொஞ்சம் நினைவிருக்கிறதாம். அடுத்த மாதம் அவள் ஊருக்கு வருகிறாள். அவளைப் பேசவைத்துப் பதிந்துகொள்ள எண்ணியிருக்கிறேன்.