பையர் சொல்லும் 32-வது வாரம்

திருப்பூரில் ஷிப்மென்ட் பார்த்து ரிட்டையர் ஆனவன் நான். ஐரோப்பிய பையர்கள் பலர் தேதி சொல்வதில்லை. '32-வது வாரம் சரக்கு' என்பார்கள். நம் வீட்டுத் தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் இருக்கும். வார எண் இருக்காது.

2025-ல், மெர்ச்சண்டைசராக இருக்கும் என் மகன் போனையும் லேப்டாப்பையும் நீட்டினான். "ரெண்டும் ஒரே அக்கவுண்ட். இதுல எழுதினா அதுல வருது. ஆனா 32-வது வாரம் போன்ல ஆகஸ்ட் 4-ல ஆரம்பிக்குது, லேப்டாப்ல 10-ல. எதுங்கப்பா சரி?"

சிங்க் ஆவது நாம் எழுதிய குறிப்பும் தேதியும்தான். வார எண்ணை ஒவ்வொன்றும் தன் செட்டிங்கை வைத்துத் தானே எண்ணிக்கொள்ளும். ஐரோப்பாவில் ஐ.எஸ்.ஓ. 8601 கணக்கு: வாரம் திங்களில் தொடங்கும், ஜனவரியின் முதல் வியாழன் விழும் வாரமே முதல் வாரம். 2025-க்கு அது 2024 டிசம்பர் 30-லேயே தொடங்கிவிட்டது. லேப்டாப்பிலோ 'ஞாயிறில் தொடங்கும் முதல் முழு வாரம்' என்றிருந்தது. அதற்கு ஜனவரி 5-ல்தான் முதல் வாரம்.

ஆக, பையரின் 32 ஆடிப்பெருக்குக்கு மறுநாளே ஆரம்பம். டையிங்கிலிருந்து துணி வரும் தேதியோ லேப்டாப்பை நம்பிப் போட்டது. ஒரு வாரம் பிந்தினால் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும். பிறகு ஏர்தான், லாபம் அதோடு சரி. நல்லவேளை, ஜூன் மாதமே கண்ணில் பட்டது. டையிங்காரரிடம் கெஞ்சித் தேதியை முன்னுக்கு இழுத்தான்.

செட்டிங்கை மாற்றியாயிற்று. ஆனால் கம்பெனியில் இன்னும் எத்தனை கம்ப்யூட்டரோ! குறிப்பின் தலைப்பிலேயே '32: ஆகஸ்ட் 4 முதல் 10' என்று தேதியோடு எழுதச் சொன்னேன், அது எங்கே போனாலும் மாறாது. 2026-ல் அந்தக் கணக்குக்கு 53 வாரம் வேறு.