வைத்தியர் வர லேட்டாகும்

வரைபடம் பெரிசாக இருந்தால் விளையாட்டும் பெரிசாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை பெரிசாக இருந்தால் சாப்பாடு பிரமாதமாக இருக்கும் என்பதுபோல.

விஷயம், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் ஆரம்பித்து வைத்தது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் போடுவார்கள். ஒருத்தர் கதை நடத்துவார். அடி விழுந்ததா, தப்பித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். தாயக்கட்டையும் தெருக்கூத்தும் சம்பந்தம் பண்ணிக்கொண்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு மேஜை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. 2012-ல் ரோல்20, 2020-ல் ஃபவுண்ட்ரி என்று அதற்கென்றே மென்பொருள்கள் வந்தன.

நெமிலியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இதில் வைத்தியர் வேஷம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ராத்திரி வீட்டுக்கு வந்து, செல்போன் இணைப்பைப் பழைய லேப்டாப்புக்குக் கொடுத்துவிட்டு உட்காருவான். கூட்டாளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். கதை நடத்துகிற சிங்கப்பூர்க்காரர் ஒருநாள் முழு நகரத்தையே வரைந்து அனுப்பிவிட்டார். மற்றவர்கள் கோட்டைவாசலில் வாள் வீச, இவன் திரையில் வெறும் இருட்டு. இவன் முறை வந்தபோது, "நெமிலி தூங்கிடுச்சு போல" என்று தாண்டிப் போய்விட்டார்கள்.

"நான் மருந்து குடுக்கறதுக்குள்ள ஆளு செத்துட்டான் மாமா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. கூடப் படித்தவர்கள் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். வாரத்தில் ஒரு ராத்திரி அவன் வாய்விட்டுப் பேசுகிற கூட்டம் அதுதான்.

நான் பி.காம். கணக்கென்றால் கை அரிக்கும். போட்டுப் பார்த்தேன்.

நகரம், நூற்றுக்கு நூறு கட்டம். ஒரு கட்டத்துக்குப் பக்கத்துக்கு 140 புள்ளி. மொத்தம் 19.6 கோடி புள்ளிகள். திரையில் விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட். ஆக, சுமார் 784 எம்.பி! அனுப்பிய ஃபைலோ 20 எம்.பி.தான். அப்பளம் கட்டாக இருக்கும்போது கைக்குள் அடங்கும். பொரித்தால் அண்டா நிறையும். ஃபைலை இன்னும் சுருக்கினால் வந்து சேருகிற நேரம் குறையுமே தவிர, பொரித்த பிறகு அண்டா அதே அண்டாதான். கட்டத்துக்கு 70 புள்ளி என்று பாதியாக்கினால் சுமை பாதியாகாது, காலாகிவிடும். 196 எம்.பி.

"ஆட்டக்காரங்க போகாத இடத்தை மறைச்சுதான் மாமா வெச்சிருக்கார்" என்றான். மூட்டை மேல் போர்வை போட்டால் கனம் குறையுமா? மறைந்திருக்கிற தெருவும் லேப்டாப்பின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. சுவருக்குச் சுவர் வெளிச்சமும் நிழலும் கணக்குப் போடுகிற வசதி வேறு. அதற்குத் தனிக் கூலி.

இதற்கு வழி நம் ஊர் நில அளவையிலேயே இருக்கிறது. வரப்புத் தகராறு என்றால் கிராமம் மொத்தத்தையுமா விரிக்கிறார்கள்? ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனித்தனியாக எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் உண்டு. தகராறு எந்த நம்பரிலோ அந்தத் தாளை மட்டும் எடுத்தால் போதும்.

கணக்கை அவனே எழுதி அனுப்பினான். சிங்கப்பூர்க்காரர் நல்ல மனுஷர். நகரத்தைக் கோட்டைவாசல், சந்தை, சுரங்கம் என்று துண்டு போட்டார். புள்ளிகளைப் பாதியாக்கினார். நிழல் விளையாட்டை நிறுத்தினார். ஆட்டத்துக்கு அரைமணி முன்பே படத்தை ஏற்றிவிடுகிறார். அதைவிட முக்கியம், "எல்லாருக்கும் படம் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார். பந்தியில் கடைசி இலைக்குச் சோறு விழுகிறவரை முதல் இலைக்காரர் கையை வைக்கமாட்டார், பார்த்திருப்பீர்கள். அந்த மரியாதைதான் இதுவும்.

போன வாரம் மறுபடி கோட்டைவாசலில் சண்டையாம். வைத்தியர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து பகடையை உருட்டியிருக்கிறார். ஒன்று விழுந்தது. ஆள் அவுட்.

"எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க மாமா" என்றான், அப்படி ஒரு சந்தோஷமாக!